சாக்கு மூடிய கூடு

பஞ்சாயத்திலிருந்து பெண்களுக்குக் கோழி கொடுத்த வருஷம் அது. பாறசாலைக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிற வீடுகளுக்கெல்லாம் ஒரு கம்பிக்கூடும் ஆறு வெள்ளைக் கோழிகளும் வந்து இறங்கின. எலிசாள் அன்றைக்கே வண்டிக்காரனிடம் சண்டைக்குப் போனாள். சேவல் எங்கே என்று கேட்டாள். இது சேவல் இல்லாமலே முட்டையிடும், பொரிக்கத்தான் செய்யாது என்றான் அவன்.

"ஆணில்லாம முட்டையா? சேவலை வழியில வித்துட்டு வந்து எங்கிட்ட கதை சொல்லுதியா?"

முட்டை வந்த பிறகுதான் அவன்மேல் இருந்த சந்தேகம் போயிற்று. போன சந்தேகம் எங்கும் தொலைந்துவிடவில்லை, உட்கார வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது.

அவளையும் குறை சொல்ல முடியாது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் வேலை. அண்டியாபீஸ் என்பார்கள் அந்தப் பக்கத்தில். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருகி, கைரேகை அழிந்து போனவள். சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் ஒருத்தி நின்று தலைமுடி முதல் மடி வரை தடவிப் பார்த்துத்தான் விடுவாள், ஒரு பருப்பாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று. கல்யாணத்துக்கு முன்பிருந்து அதே வாசல், அதே தடவல். தினமும் கள்ளியாக நின்று வீட்டுக்கு வருகிறவளுக்கு, வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும் எப்படிப் புண்ணியவான்களாகத் தெரிவார்கள்?

வீட்டில் இருந்தது மருமகள் ஜினி. மகன் சஜிக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி வேலை. விடியுமுன் ரயிலேறிப் போய் இருட்டிய பின் வருவான். அங்கேயே ஒரு அறை எடுத்தால் என்ன என்று ஒருமுறை பேச்சு வந்தது. பேசியது சஜிதான். ஆனால் எலிசாள் ஜினியின் முகத்தைத்தான் பார்த்தாள். புருஷனை இழந்தவள், மகன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் ராத்திரி கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து யாரென்று கேட்க ஆளில்லை. அந்தப் பயம் ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து.

ஆனி மாத மழையில் முட்டை குறைந்தது. கீரி எடுத்ததோ, காக்கை கொத்தியதோ, அவிழ்த்துவிட்ட நேரத்தில் கைதச்சக்கை என்கிற அன்னாசிப் புதருக்குள் போய் இட்டதோ, யாருக்குத் தெரியும். எலிசாள் புதரைப் பார்க்கவில்லை, ஜினியைப் பார்த்தாள். ஜினியின் அம்மை வீடு அடுத்த ஸ்டேஷனில். நேற்று வந்த அவள் தம்பி போகும்போது பை கனமாக இருந்ததா இல்லையா?

"ஜினி, முட்டை எத்தன இருந்தது?"

"ரெண்டு இருந்தது மாமி."

"நேத்து நாலு."

"நேத்து நாலு, இன்னைக்கு ரெண்டு. நான் என்ன, கோழிக்க உள்ள கையப் போட்டு எடுக்கவா?"

இந்தப் பேச்சு எலிசாளுக்குப் பிடிக்கவில்லை. திருடாதவள் அழ வேண்டாமா? இவள் எதிர்ப்பேச்சு பேசுகிறாளே.

மறுநாள் கடைவீதியில் ஒரு பூட்டு வாங்கினாள். சாவியைக் கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பூட்டு போட்டால் போதுமா? கம்பி இடுக்கில் கை போகுமே. சணல் சாக்குகளைப் பிரித்து நாலு பக்கமும் தைத்தாள். மேலே பழைய தார்ப்பாயைப் போட்டுக் கல் வைத்தாள். காற்றுக்குத் தரையோரத்தில் ஒரு விரல் இடம் விட்டாள். காலையில் வேலைக்குப் போகுமுன் தீனியும் தண்ணீரும் வைத்துப் பூட்டினால், சாயங்காலம் அவள் வந்து திறந்தால்தான் உண்டு. உள்ளே நட்ட நடுப் பகலிலும் கோழி நிற்கிற இடம் கொக்கொக் என்ற சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

முட்டை மேலும் குறைந்தது.

எலிசாள் பூட்டின் மேல் ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் நூல் அப்படியே இருந்தது. கூட்டில் முட்டை இல்லை. சந்தேகம் தீர்ந்ததா? கூடியது. அவிழ்த்து எடுத்துவிட்டு அதே முடிச்சைப் போடுகிறாள் என்றால் எவ்வளவு தேர்ந்த கை! அன்று முதல் நூலில் தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி முடிச்சு போட்டாள். அடுத்த வாரம் சாக்கின் மேல் இன்னொரு சாக்கு. கோழிகள் நாளுக்கு நாள் அடங்கிப் போயின. தலையில் சிவப்பாக நிமிர்ந்து நின்ற கொண்டைகள் சுருங்கி வெளிறின. பிறகு ஒரு முட்டையும் இல்லாமல் போயிற்று.

ஆள் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட எலிசாளுக்கு வாய் வரவில்லை. அதற்கு வேறு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சபையின் பெண்கள் சங்கம் கூடும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருத்தியாக ஜெபக்குறிப்பு சொல்வார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், கால்வலி. அந்த இடத்தில் எதைச் சொன்னாலும் புறணி ஆகாது, பக்தி ஆகிவிடும். பக்கத்து வீட்டுப் பிரிஸில்லாதான் சங்கத் தலைவி. அவள் "வேற யாருக்காவது குறிப்பு உண்டுமா?" என்று கேட்டதும் எலிசாள் எழுந்தாள்.

"எனக்க வீட்டுல ஒரு கை நீளமா இருக்கு. கர்த்தர் அதைக் குறுக்கணும். அதுக்கு ஜெபிக்கணும்."

பாய் முழுக்க இருந்த தலைகள் ஒரே பக்கம் திரும்பின. கடைசி வரிசையில் ஜினி உட்கார்ந்திருந்தாள். பிரிஸில்லா கண்ணை மூடி, அந்த நீளமான கைக்காக நீளமாகவே ஜெபித்தாள். ஜினி கண்ணை மூடவில்லை.

அன்று சஜி வந்ததும் வராததுமாக வீட்டில் வெடித்தது.

"எனக்க பெயரைச் சொல்லாம சபையில என்னைக் கள்ளி ஆக்கிட்டாவ ஒனக்க அம்மை" என்றாள் ஜினி.

"பெயரு சொன்னேனா? நீயா ஏன் எடுத்து மாட்டுதே?"

"வீட்டுல இருக்கியது நாம ரெண்டு பேரு. ஒங்களுக்கக் கையக் குறுக்கவா ஜெபிச்சிய?"

சஜி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். "அம்மோ, கோழிக்கு என்னமாவது சூக்கேடு இருக்கும். மிருகாஸ்பத்திரியில கொண்டு காட்டு. அதுக்குப் பெறவு பேசு."

எலிசாளுக்கும் அது சரியென்றே பட்டது. நோயில்லை என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால் பிறகு மிச்சம் ஒரு பதில்தானே?

சனிக்கிழமை லீவு போட்டு, ஒரு கோழியைக் கூடையில் வைத்து, கூடையை ஜினியின் கையில் கொடுத்துக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி வந்ததும் கூடையை வாங்கிக்கொண்டு, "நீ வராந்தாவுல நில்லு" என்றாள்.

டாக்டர் ஸ்ரீகண்டன் நகரத்துக்காரர். ஸ்ரீவராகம் தெருவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கோழியைத் தொட்டுப் பழகியும் பேச்சில் அந்த அக்கிரகாரத் தெருவாசம் போகவில்லை. கோழியின் கண், வாய், எச்சம் எல்லாம் பார்த்தார். பின்பக்கத்து எலும்புகளுக்கு இடையே விரலை வைத்துப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லை" என்றார்.

"இல்லியே? நல்லாப் பாத்து சொல்லுங்க சாரே."

"நன்னாப் பாத்தாச்சு. ஆனா இது முட்டை இடலை. முட்டையிட்டா விலகி நிக்கற எலும்பு ரெண்டும் கிட்டக்க வந்துடுத்து, கொண்டை வெளுத்துக் கிடக்கு. கூட்டுல வெளிச்சம் எப்படி?"

எலிசாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். முட்டையைப் பற்றிக் கேட்டால் இவர் வெளிச்சத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்? யாராவது முந்தி வந்து ஏதாவது ஓதிவிட்டுப் போனார்களா?

"வெளிச்சத்துக்கு என்ன? நல்ல வெளிச்சம்."

"ஏன் கேக்கறேன்னா, கோழி முட்டையிடறது வயித்தால மட்டும் இல்லை அம்மா, மண்டையால. மூளைக்கு அடியிலே மணி அளவுல ஒரு சின்ன சுரப்பி இருக்கு. பிட்யூட்டரின்னு பேர். பகல் வெளிச்சம் கோழியோட மண்டையோட்டைத் தாண்டி உள்ளே இறங்கும். கண்ணைக் கட்டினாலும் இறங்கும், கேட்டோ. மூளை அதைப் பாத்துப் பகல் நீளம்னு சொன்னாத்தான் அந்தச் சுரப்பி ரத்தத்துல ஹார்மோனை விடும். அது போய்ச் சேர்ந்தாத்தான் மஞ்சக்கரு பழுக்கும். இருட்டுல அடைச்சு வச்சா, இது முட்டைக்காலம் இல்லைன்னு சுரப்பி சும்மா இருந்துடும்."

"மண்டைக்குள்ள வெயிலு போவுமா சாரே?"

"போகும். முட்டையிடற கோழியை அறுத்தா உள்ளே குலையாட்டம் மஞ்சக்கரு தொங்கும், பாத்திருப்பேளே? நின்னுபோன கோழியிலே கடுகு கடுகா ஒட்டிண்டிருக்கும், அவ்வளவுதான். நிஜமாவே வெளிச்சம் இருக்கோ?"

"உண்டு சாரே" என்று சொல்லிக் கோழியைக் கூடைக்குள் திணித்தாள். வீட்டுக் கூட்டுக்குச் சாக்கு போட்ட கதையை வெளியூர்க்காரரிடம் சொல்லுவதா? தவிர, மண்டைக்குள் வெயில் இறங்கும் என்று சொல்கிற ஆளிடம் வேறு என்ன பேசுவது?

சஜிக்கும் அன்று லீவு. அவர்கள் திரும்பியதும் கேட்டான். "டாக்டரு என்ன சொன்னாரு?"

"கோழிக்கு நோயி ஒண்ணும் இல்லியாம்." எலிசாள் ஜினியைப் பார்க்காமல் சொன்னாள். "நான் சொல்லல்ல, டாக்டரு சொன்னாரு."

"மிச்சத்தையும் சொல்லுங்க மாமி" என்றாள் ஜினி.

"என்ன மிச்சம்?"

"நான் ஜன்னலுக்க வெளியதான் நின்னேன். இருட்டுல அடைச்சா முட்டை நின்னுபோவும்னு சொன்னாரா இல்லியா? நல்ல வெளிச்சம் உண்டும்னு நீங்க பொய்யி சொன்னியளா இல்லியா?"

"அவரு பாடம் படிச்சதை ஒப்பிச்சாரு. இல்லன்னா ஆராவது சொல்லிக் குடுத்திருக்கணும்."

ஜினி உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்து மாமியாரின் முன் வைத்தாள்.

"ஒரு கோழியை அறுங்க. எதை வேணும்னாலும் நீங்களே பிடியுங்க. உள்ள முட்டைக்குலை இருந்தா நான் கள்ளி. இப்பமே எனக்க அம்மை வீட்டுக்குப் போறேன், சஜி தடுக்கக் கூடாது. இல்லன்னா...?"

சஜி, "வேண்டாம் பிள்ளே" என்று எழுந்தான். ஆனால் எலிசாள் அதற்குள் சாவியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

சாக்கைத் தூக்கிக் கதவைத் திறந்தபோது வந்த வெளிச்சத்துக்குக் கோழிகள் ஓடக்கூட இல்லை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கனமானதாக, கொண்டை கொஞ்சமாவது சிவந்திருந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். இட்டால் இதுதான் இட்டிருக்கும். கிணற்றடியில் வைத்து அறுத்து, தோலுரித்து, வயிற்றைக் கீறினாள். எத்தனை கோழியை அறுத்த கை அது! கிறிஸ்மஸுக்கு அறுக்கிற கோழிக்குள் எலுமிச்சை அளவில் ஒன்று, நெல்லிக்காய் அளவில் ஒன்று, மிளகு போல ஒன்று என்று மஞ்சள் மஞ்சளாகத் தொங்குவதை வழித்து எடுத்துக் குழம்பில் போடுவாள். சஜி சின்ன வயதில் அதற்குத்தான் அடம்பிடிப்பான்.

இப்போது முதுகெலும்பை ஒட்டி விரலை விட்டாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. குடலை விலக்கிப் பார்த்தாள். வெளிறிய ஒரு சின்னக் கொத்து, கடுகு சிதறினது போல. அவ்வளவுதான்.

சஜி குனிந்து பார்த்தான். ஜினி பார்க்கவில்லை, எலிசாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடத்தில் எலிசாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"இது ஒண்ணுதானே? இது மலட்டுக்கோழியா இருக்கும். இன்னொண்ணையும் பாப்போம்."

சொல்லிக்கொண்டே கூட்டுக்குள் கையை விட்டு இன்னொரு கோழியின் காலைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மோ" என்றான் சஜி. அவன் சத்தம் போடவில்லை. "ஆறையும் அறுப்பியா?"

"ஒரு சந்தேகம்னு..."

"ஆறையும் அறுத்தா சந்தேகம் போவுமா ஒனக்கு?"

கையில் தலைகீழாகத் தொங்கிய கோழி ஒருமுறை படபடத்துவிட்டு அடங்கிற்று. வீட்டுக்குள் தகரப்பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜினிக்குக் கட்டி எடுக்க அதிகம் இல்லை.

"அறுத்தாச்சே, கறி வச்சிடுவேன். தின்னுட்டுப் போவலாம்" என்றாள் எலிசாள், கோழியைக் கீழே விட்டுவிட்டு.

"எனக்க வாயில அது இறங்காது மாமி" என்றாள் ஜினி.

சஜி வாசலில் நின்று சொன்னான். "கழக்கூட்டத்துல ஒரு ரூம் உண்டு, கூட வேலை பாக்கிய கூட்டுக்காரனுக்க. அங்க போறோம். நீ சபையில எழும்பி நின்னு இவளைக் கள்ளி ஆக்கினல்லியா? அதே இடத்துல எழும்பி நின்னு இல்லைன்னு சொல்லு. சொன்னா வாறோம்."

"நான் பெயரு சொல்லல்ல மக்களே."

"இப்பம் சொல்லு, பெயரைச் சொல்லியே சொல்லு."

அவர்கள் போனார்கள்.

கறியை அவள் வைக்கவில்லை. பிரிஸில்லாவின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மகனும் மருமகளும் பெட்டியோடு போனதைப் பார்த்திருந்த பிரிஸில்லா, "ஜெபத்துக்குப் பலன் உண்டு, கண்டியா? கள்ளி தானாப் போயிட்டா" என்றாள். எலிசாளுக்கு அந்தச் சொல் காதில் முள்ளாக ஏறியது. ஆனால் மறுக்கவும் இல்லை.

சாக்குகளை மறுநாளே பிரித்தாள். பிரித்ததில் நம்பிக்கை ஏதும் இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள், இருந்து பார்ப்போமே என்ற ஒரு வீம்புதான். காலையில் வேலைக்குப் போகும்போது கூட்டைத் திறந்தே விட்டாள். எடுக்கிறவன் எடுக்கட்டும், இனி வீட்டில் யார் இருக்கிறார்கள் சந்தேகப்பட? கோழிகள் முதலில் கூட்டைவிட்டு வரவே பயந்தன. பிறகு முற்றத்தில் கிளறின. வெயிலில் இறக்கையை விரித்துப் போட்டுக் கிடந்தன. வாரங்கள் போயின. கொண்டைகள் மெல்ல நிறம் ஏறிச் சிவந்தன. எலிசாள் சில சமயம் ஒரு கோழியைப் பிடித்து அதன் உச்சந்தலையைத் தன் கருகிய விரலால் தடவிப் பார்ப்பாள். எலும்பு கல்லாக இருந்தது. இதற்குள் எப்படி இறங்கும்?

ஒரு நாள் சாயங்காலம் வைக்கோலில் ஒரு முட்டை கிடந்தது. சூடு ஆறவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் முதலில் செய்த காரியம், பிரிஸில்லாவின் வேலிப் பக்கம் பார்த்தது. யாருமில்லை. முந்தானைக்குள் முட்டையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மறுநாள் இரண்டு. அதையும் மறைத்தாள். பிரிஸில்லா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கோழி இட்டுதா எலிசா?" என்று கேட்டபோது, "எங்க இடியதுக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்டியாபீஸ் வாசலில்கூட அவளுக்கு அப்படி அடித்ததில்லை. அங்கே தடவுகிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் பாட்டு முடிந்தது. பிரிஸில்லா கேட்குமுன்பே எலிசாள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"கோழிக்க மண்டைக்குள்ள ஒரு மணி உண்டு" என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெயிலு பட்டாத்தான் அது வேலை செய்யும். நான் சாக்கைப் போட்டு இருட்டாக்கினேன். அதான் முட்டை நின்னுது. ஆரும் எடுக்கல்ல. எனக்க மருமவ ஜினி எடுக்கல்ல. அவ கள்ளி இல்ல. நானாக்கும் அப்பிடி நினைச்சது. ஜெபத்தையும் அதுக்காக்கும் கேட்டது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அப்பம் கோழிக்கும் சூரியனுக்கும் தொடுப்புன்னு சொல்லு!" என்றாள் ஒருத்தி. கூட்டமே குலுங்கியது. எலிசாள் உட்காரவில்லை.

"சிரியுங்க. நானும் அறுத்துப் பாக்க முந்தி நம்பல்ல. அறுத்துப் பாத்தும் நம்பல்ல, அதாக்கும் எனக்க குறை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பிரிஸில்லாவின் வீட்டில் போன் இருந்தது. பிரிஸில்லாவின் வாயும் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவதற்குள் செய்தி கழக்கூட்டம் போய்ச் சேர்ந்திருந்தது. "எலிசா, ஒனக்குப் போன்!" என்று வேலிக்கு மேலே சத்தம் வந்தது. எலிசாள் சஜி என்று நினைத்து ஓடினாள்.

"மாமி" என்றது போன்.

எலிசாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிரிஸில்லாக்கா சொன்னாவ. உள்ளதா?"

"உள்ளதாக்கும்."

"எனக்க பெயரைச் சொல்லியா?"

"பெயரைச் சொல்லியாக்கும். எல்லாருக்க முன்னயும்."

அந்தப் பக்கம் வண்டிகளின் இரைச்சலுக்கு மேலே ஜினி கேட்டாள்.

"எதுக்கு மாமி சொன்னிய? சஜி வரணும்னா? இல்ல, நான் எடுக்கல்லன்னு உள்ளபடியே நம்பிட்டா?"

எலிசாள் அந்தக் குரலை நன்றாக அறிவாள். இத்தனை மாதம் தன் தொண்டையில் இருந்த அதே குரல்தான் இது. இரண்டுக்கும்தான் என்று சொன்னால் இவள் நம்புவாளா? ஒன்றுக்குத்தான் என்று சொன்னால் மட்டும் நம்புவாளா?

"தெரியாது பிள்ளே" என்றாள். "முட்டை வந்தப்பம் மறைச்சு வச்சேன். மறைச்சு வச்சிட்டு ஒறக்கம் வரல்ல. அதான் சொன்னேன்."

பிறகு ஜினி சொன்னாள். "அடுத்த ஞாயிறு வாறோம். அன்னைக்கே திரும்பிப் போயிடுவோம்."

"செரி."

"தங்கச் சொல்லி சஜிகிட்ட அழப்பிடாது."

"இல்ல."

போன் வைக்கப்பட்டது. பிரிஸில்லா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுதா?"

"வாறாளாம்."

"தங்குவாளா?"

"தெரியாது" என்றாள் எலிசாள். "வந்து என்னைப் பாக்கட்டு. நல்லாப் பாத்துட்டுச் சொல்லட்டு."